அடுப்புக்குப் பிடித்த குடை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் நிவேதாவும் கல்யாணப் பத்திரிகை வைத்து முடித்த கையோடு இங்கே வந்து, பின்பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனீர்களே, அன்றிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு போகவில்லை. நீ அவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாய். கறுப்பு கிரானைட் மேடை, அதன் அடியில் சக்கர நாற்காலி நுழைகிற இடைவெளி, கம்பி வைத்த கரி அடுப்பு, வழுக்காத தரை, சொட்டுத் தண்ணீர்கூடத் தேங்காமல் ஓடுகிற வாட்டம். "இதெல்லாம் அம்மாவுக்காக அப்பா பாத்துப் பாத்துக் கட்டினது. அம்மா உக்காந்த இடத்துலேர்ந்தே சமைக்கணும்னு டேப் வெச்சு அளந்து கட்டினாரு" என்றாய். நிவேதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. டம்ளர் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். கிளம்பும்போது வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டே, "நாங்க குடிபோகப்போற மாங்காட்டு வீட்லயும் பின்னாடி இதே மாதிரி போட்டுடலாம்னு இருக்கேன். அந்த மேஸ்திரி நம்பர் அனுப்புங்கப்பா" என்றாய்.

ஏழுமலை மேஸ்திரியின் நம்பர் என் ஃபோனில்தான் இருக்கிறது. அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஃபோனிலேயே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். புதன்கிழமை நீ கூப்பிட்டபோது, "தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றுகூட ஆரம்பித்தேன். நீ பக்கத்தில் மண்டபத்துக்காரரோடு பேசிக்கொண்டே, "சொல்லுங்கப்பா, சொல்லுங்க" என்றாய். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எழுதுகிற விஷயமா இது என்று நீ நினைக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு எழுதினால் அந்தப் பெண்ணும் நான் சொன்ன பொய்யைத்தான் நம் குடும்பக் கதை என்று நம்பிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வருவாள். அது வேண்டாம் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

இந்த வீட்டுக்கு நாம் குடிவந்தபோது நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். திருமுல்லைவாயிலில் அப்போது இந்தத் தெருவில் மொத்தமே நான்கு வீடுகள். மழைக்காலத்தில் ஸ்டேஷன்வரை பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நடப்பேன். மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனி டூல்ரூமில், அச்சும் கருவியும் செய்கிற இடத்தில், ஃபிட்டர் வேலை. நம்மால் முடிந்தது ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். சாமி அலமாரிக்குத் தனி இடம் இல்லாமல் சமையலறைச் சுவரிலேயே ஆணி அடித்து மாட்டினோம். அதே சமையலறையில்தான் உன் அம்மா மீன் குழம்பும் வைத்தாள். முதல் ஒரு வருஷம் அதனால் எந்தச் சாமிக்கும் எந்த மனுஷனுக்கும் தொந்தரவு இருந்ததில்லை.

ஒரு நாள் எங்கள் டூல்ரூம் மேனேஜர் இந்தப் பக்கம் யாரையோ பார்க்க வந்தவர், புது வீடு கட்டியிருக்கிறாயாமே என்று உள்ளே எட்டிப் பார்த்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் மூக்கு சுருங்கியது. "என்னப்பா, இன்னைக்கு மீனா? தெருவுலயே தெரியுதே" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். காபி வேண்டாம் என்றார். உட்காரவும் இல்லை. அவருக்கு அவசர வேலை இருந்திருக்கலாம், நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவர் போன கையோடு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கிப் பின்பக்கம் வைத்தேன். "சாமி இருக்கிற எடம். இனிமே கவுச்சி எல்லாம் வெளியதான்" என்றேன். எனக்கு வந்த வெட்கத்தைச் சாமி மேல் போட்டேன். உன் அம்மா வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து மீன், கறி, கருவாடு எல்லாம் வெளியே. பிறகு நண்டு மசாலாவுக்கு மிளகாய் வறுப்பது வெளியே, வடகம் பொரிப்பது வெளியே, எது நெடி அடித்தாலும் வெளியே. அவள் வெயிலில் நின்று குழம்பைக் கூட்டிக் கொதிக்கவிட்டுக் கொண்டுவருவாள். நான் உள்ளே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவதற்குச் சாமி ஒன்றும் சொன்னதில்லை, பார். நீ எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரம் உன் காலரைச் சரிபண்ண வந்தாள். "தொடாதம்மா, மீன் வாடை அடிக்குது" என்று நீ நகர்ந்துகொண்டாய். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்னால் போனாள். உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வார்த்தையை நீ என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாய்.

இதை எல்லாம் அவள் வாய்மூடிப் பொறுத்துக்கொண்டாள் என்று நினைக்காதே. கேட்டாள். முதலில் உள்ளே சமைக்கிறேன் என்று கேட்டாள். "சாமி அலமாரிய கூடத்துக்கு மாத்திடுங்களேன், சமையக்கட்டுல ஒரு ஓரமா நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு மூன்று வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. அப்புறம் அதை விட்டுவிட்டு, வெயில் மண்டையைப் பிளக்கிறது, மேலே ஒரு ஷீட்டாவது போடுங்கள் என்றாள். இரண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டேன். சாரலுக்கு அது போதவில்லை. கடைசியில் தரையைக் கேட்டாள். துவைக்கிற கல்லில் இருந்து தண்ணீர் ஓடி ஓடி, வாட்டம் கெட்டு, அடுப்புக்கு முன்னாலேயே தேங்கும். ஐப்பசி வந்தால் பச்சையாகப் பாசி பிடித்துவிடும். "கால் வைக்கவே பயமா இருக்குங்க. கொத்திட்டு சொரசொரப்பா போட்டுக் குடுங்க" என்றாள். தீபாவளி போகட்டும் என்றேன். மழை விடட்டும் என்றேன். அதே வருஷம் வாசல் கேட்டை மாற்றினேன், சுவரில் கிரானைட்டில் பெயர்ப் பலகை பதித்தேன். வேலையில் நூலிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவன் என்று எனக்கு நல்ல பெயர் இருந்தது. வீட்டுத் தரையில் ஒரு சாண் பள்ளம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

நீ வேலைக்குப் போன புதிதில் ஆசை ஆசையாக அம்மாவுக்கு மாடுலர் கிச்சன் போட்டுக் கொடுத்தாய். அவளுக்குச் சந்தோஷம்தான், தெருவில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். ஆனால் அதில் எண்ணெய் தெறித்தால் வெள்ளைக் கதவுகள் கறை பிடிக்கும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் காய்ச்சவும் சாதம் வைக்கவும் மட்டும் அது. மற்றதெல்லாம் பழையபடி பின்னால்தான். நீ லீவுக்கு வரும்போது கவனித்திருக்க மாட்டாய். நாங்களும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தக் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. மழையில் அம்மா அவசரமாகப் பின்பக்கம் ஓடினாள், காலில் செருப்பில்லை, வழுக்கி விழுந்தாள். இது நான் சொன்ன கதை. நடந்தது வேறு.

அன்று மாலை நான்கு மணிக்கு நிவேதாவின் அப்பா அம்மா பூந்தமல்லியிலிருந்து முதல் தடவையாக வீடு பார்க்க வருவதாக இருந்தது. எனக்குக் காலையில் ஆவடி மார்க்கெட்டில் நல்ல வஞ்சிரம் கண்ணில் பட்டது, வாங்கி வந்து கொடுத்தேன். ஆமாம், வாங்கியது நான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டால் நாலு மணிக்குள் வாடை போய்விடும் என்று கணக்குப் போட்டேன். பதினொரு மணிக்கு மழை பிடித்தது. வெளியடுப்பு காற்றில் அணைந்து அணைந்து போகிறது என்று அவள் குழம்புச் சட்டியை உள்ளே கொண்டுவந்து மாடுலர் கிச்சன் அடுப்பில் ஏற்றியிருந்தாள். நான் கடைக்குப் போய் இனிப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன். கூடத்தில் கால் வைத்ததுமே குழம்பு வாசனை. புதிதாக வாங்கிய சோபா உறை, ஊதுவத்தி எல்லாவற்றையும் தாண்டி அடித்தது.

"என்ன பண்ணிட்டு இருக்க? நாலு மணிக்கு ஆள் வராங்க" என்று கத்தினேன்.

"மழை ஊத்துதுங்க. பத்தே நிமிஷம், கொதி வந்ததும் எறக்கிடுவேன். ஜன்னல எல்லாம் தொறந்து வெச்சிருக்கேன்."

"வெளிய எடுத்துட்டுப் போ."

"எங்க போறது? வெளிய அடுப்பு நிக்கவே மாட்டேங்குது."

"நான் நிக்க வெக்கிறேன், எடுத்துட்டு வா" என்றேன்.

நான் முன்னால் போனேன். ஷீட்டுக்கு அடியிலும் சாரல் அடித்ததால், குடையை விரித்து வெளியடுப்புக்கு மேல் பிடித்துக்கொண்டு பற்ற வைத்தேன். தீ நின்று எரிந்தது. "ம், வா" என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் துணியைச் சுற்றிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வந்தாள். ஓடவே இல்லை. கதவுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் அவள் தலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை என் கையில் இருந்தது, தம்பி. நான் அதை அடுப்புக்குத்தான் பிடித்திருந்தேன். தேங்கின தண்ணீரில் கால் வைத்தாள், அப்படியே பக்கவாட்டில் போய்விட்டாள். இடுப்பு எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சூடான குழம்பு இடது கை முழுக்கக் கொட்டிவிட்டது. அவள் கத்தவில்லை. "அவங்க வர நேரம் ஆச்சே" என்றாள்.

ஆஸ்பத்திரியில் பக்கத்து வீட்டுக்காரர் எப்படி ஆச்சு என்று கேட்டபோது, யோசிக்காமலே என் வாயில் வந்தது அந்தப் பொய். "செருப்பு போடாம மழைல ஓடினா, சொன்னா கேக்க மாட்டா." ஒரு தடவை சொன்னேன், பிறகு அதையே எல்லாருக்கும் சொன்னேன். நீ அப்போது புனேயில் இருந்தாய். உனக்கும் அதையே சொன்னேன். மறுநாள் ஆபரேஷனுக்கு முன்னால் வீடியோ காலில் நீ அவளைக் கடிந்துகொண்டாய். உனக்கு ஞாபகம் இருக்கும். "ஏம்மா உனக்கு எப்பவும் இந்த அவசரம்? மழைல வெளிய போய் சமைக்கச் சொல்லி யாரு அழுதாங்க?" என்றாய். ஃபோனைப் பிடித்திருந்தது நான். அவள் திரைக்கு மேலே என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு உன்னைப் பார்த்து, "ஆமாம்பா, என் தப்புதான். இனிமே பாத்து நடக்கறேன்" என்றாள். இனிமேல் அவள் நடக்கப்போவதில்லை என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

நிவேதாவின் அப்பா அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். நல்ல மனுஷர். பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில் நான் மீன் வாடை பற்றி ஏதோ சொன்னபோது சிரித்துவிட்டார். "அட போங்க சம்பந்தி. மீன் கொழம்பு வாசனை வந்திருந்தா நாங்க சாப்பிட்டுட்டே போயிருப்போம்" என்றார். நானும் சிரித்தேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாள். சர்க்கரை இருந்ததால் புண் ஆறவில்லை, வாக்கர் பிடித்து நாலு அடி வைப்பதற்குள் துவண்டுவிடுவாள். சக்கர நாற்காலி வந்தது. படுக்கையறைக் கட்டிலை ஜன்னலோரம் திருப்பிப் போட்டேன். அந்த ஜன்னல் பின்பக்கம் பார்த்தது. பக்கத்து வீட்டு முருங்கை மரமும் ஒரு துண்டு வானமும் தெரியும். பகல் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். எனக்கோ அதே ஜன்னல் வழியாக அந்தத் தரைதான் தெரிந்தது. பொங்கல் கழிந்ததும் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவு செய்தேன். அவளுக்கு உட்கார்ந்தபடியே சமைக்கிற மாதிரி ஒரு சமையல்மேடை. யாரிடமும் கேட்கவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. அவள் தூங்கும்போது நாற்காலியின் உயரம், கைப்பிடியின் உயரம் எல்லாம் அளந்து, டூல்ரூமில் போடுகிற மாதிரி படம் வரைந்தேன்.

ஏழுமலை மேஸ்திரி இந்தப் பக்கத்து ஆள்தான். இங்கே எல்லாம் வயலாக இருந்தபோது அவர் அப்பா இங்கே பயிர் வைத்தவராம். கூடவே அவர் மனைவி சரசு, கலவை போடவும் கல் எடுத்துக் கொடுக்கவும். முதல் நாளே கடப்பாரையால் தரையைக் குத்திப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, வாட்டமே ஊட்டுப் பக்கம் கீது. தண்ணி எப்டி போவும்? கட்டும்போதே தப்பா போட்டுட்டானுங்க. ஒரு நாள் வேலை சார் இது, அப்பவே சொல்லியிருந்தா கொத்தி உட்டுகினு போயிருப்பேன்" என்றார். ஒரு நாள் வேலை. அந்த வார்த்தையை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

தரையை முழுக்கப் பெயர்த்தார்கள். ஜல்லி கொட்டி, கான்கிரீட் போட்டு, சுவரோரம் கால்வாய் எடுத்து அதை நோக்கி வாட்டம் கொடுத்தார்கள். நான் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்துக்கொண்டு ஏழுமலை பின்னாலேயே அலைந்தேன். சொரசொரப்பான டைல்ஸ் வந்தது. செங்கல் கட்டி மேலே கிரானைட் பதித்தோம். இரண்டு பர்னர், ஒரு தொட்டி, மீன் வறுக்க ஒரு கரி அடுப்பு, மேலே சாரல் உள்ளே வராத அளவுக்கு நீட்டிய தகரக் கூரை. படுக்கையறையிலிருந்து அங்கே போகச் சரிவுப் பாதை. தூசி உள்ளே போய் அவளுக்கு இருமல் வந்தது. அதற்காக அந்த ஜன்னலை நீல நிற தார்ப்பாய் போட்டு மூடினேன். ஐந்து வாரம் அவள் அந்த நீல இருட்டுக்குள் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். "என்ன நடக்குது?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, நீயே பாப்ப" என்றேன்.

ஒரு நாள் மத்தியானம் சரசு தண்ணீர் குடிக்க வந்தவள் என்னிடம் கேட்டாள். "தப்பா நினைக்காதீங்க சார். அம்மாவால நிக்கவே முடியலன்றீங்க. இம்மாம் பெரிய மேடை யாருக்கு?"

"அவளுக்குத்தான். உக்காந்து சமைக்கலாம்."

"அம்மா கேட்டாங்களா?"

"அவளுக்குத் தெரியாது. முடிச்சுட்டுக் காட்டப்போறேன்."

சரசு செம்பைக் கீழே வைத்தாள். "ஒரு வார்த்த கேட்டுக்கினு செய்யலாமே சார். அவங்க ஊடு தானே" என்றாள். ஏழுமலை, "ஏய், உன் வேலையப் பாத்துகினு வா" என்று அதட்டினார். நானும் அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வேலை முடிந்தது. சரசு கழுவிவிட்டுக் கோலம் போட்டாள். நான் உன் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, சரிவு வழியாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். நாற்காலி மேடைக்கு அடியில் கச்சிதமாக நுழைந்தது. கை நீட்டினால் அடுப்பு, அந்தப் பக்கம் தண்ணீர். நான் ஒவ்வொன்றாகத் திருகிக் காட்டினேன். ஏழுமலை பெருமையாக, "சாரு ஒரு நூல் எறங்க உடலம்மா. எல்லாம் உங்களுக்கோசரந்தான்" என்றார். அவள் கிரானைட்டை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினாள். தரையைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். நான் அவள் அழப்போகிறாள், சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "உள்ள ஒரு எடம் குடுங்கன்னுதானே நான் கேட்டேன்? வெளியவே எனக்கு நல்லா கட்டிட்டீங்க" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலாம். சரசு திரும்பி நின்றுகொண்டாள். உள்ளே சமைக்கிறேன் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு மூன்று வருஷம் எனக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. கடைசியாகக் கேட்ட தரை மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அதை நான் கொடுத்துவிட்டேன் என்று நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன். அவள் நடமாடிய நாளெல்லாம் வெளியே நிறுத்தினேன். விழுந்த பிறகு வெளியே உட்காரவைக்கச் சரியான உயரத்தில் மேடை கட்டினேன். "உள்ள கூட்டிட்டுப் போங்க, வெயில் தாங்கல" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு அவள் அங்கே வரவில்லை.

அன்று மத்தியானமே தார்ப்பாயைக் கிழித்தெடுத்தேன். ஆனால் புதுக் கூரை நீண்டு வந்து ஜன்னலுக்கு மேல் மறைத்துவிட்டிருந்தது. முருங்கையும் தெரியவில்லை, அந்தத் துண்டு வானமும் தெரியவில்லை. நான் எவ்வளவு அளந்தேன், இதை அளக்கவில்லை. ஏழுமலையைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "விடுங்க, மறுபடியும் சத்தம் வேணாம்" என்றாள்.

மறுவாரம் சாமி அலமாரியைக் கழற்றிக் கூடத்தில் மாட்டினேன். ஆணி பிடுங்கி, துளை போட்டு, மறுபடி மாட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. மீன் வாங்கி வந்து, அவளைச் சமையலறை வாசலில் உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்ல நானே குழம்பு வைத்தேன், உள்ளே, அந்த வெள்ளைக் கதவுகளுக்கு நடுவில். வாசனை தெருவரைக்கும் போயிருக்கும். ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. அவள் நாலு வாய் சாப்பிட்டாள். "புளி ஜாஸ்தி" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, இன்னும் ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். அதுமாதிரி ஏழெட்டுத் தடவை சமைத்திருப்பேன். புண் ஆறாமலே ஆனி மாதம் அவள் போய்விட்டாள். காரியத்தன்று வந்தவர்களிடம் நீ, "அம்மா கொஞ்சம் நிதானமா இருந்திருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாங்க" என்று சொல்லி அழுதாய். நான் உன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் எது என்று கேட்டால், அந்தக் குடையைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

இதோ, இன்னும் இருபது நாளில் உனக்குக் கல்யாணம். அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, அதனால் எனக்கு நடந்ததிலிருந்து ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். ஒருத்தி தான் கேட்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால், அவளுக்குத் திருப்தியாகிவிட்டது என்று நினைக்காதே. உன்மேல் வைத்திருந்த நம்பிக்கையைத்தான் அவள் குறைத்துக்கொண்டு வருகிறாள். உள்ளே இடம் கேட்டவள் கூரை கேட்டாள், கூரை கேட்டவள் தரை கேட்டாள், கடைசியில் எதுவும் கேட்காமல் இருந்தாள். அப்போது நான் வீட்டில் சண்டை சச்சரவு இல்லை என்று சந்தோஷப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நீ மாங்காட்டு வீட்டுப் பின்பக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நிவேதா, "எனக்கு உள்ள கிச்சன் கொஞ்சம் பெருசா இருந்தா போதும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். நீ சிரித்துக்கொண்டே, "உனக்குத் தெரியாது, உள்ள சமைச்சா வீடெல்லாம் ஸ்மெல் வரும்" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய். அவளும் விட்டுவிட்டாள். நான் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மேஸ்திரி நம்பரை அனுப்புகிறேன். அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவளை உட்காரவைத்து, அந்த வீட்டில் அவளுக்கு எங்கே என்ன வேண்டும் என்று கேள். அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் குறுக்கே பேசாதே. வெளியேதான் வேண்டும் என்று அவளே சொன்னால் தாராளமாகக் கட்டு. ஏழுமலை நல்ல வேலைக்காரர்.

கல்யாணத்துக்கு அப்புறம் நண்பர்களைக் கூப்பிட்டு இங்கே பின்பக்கத்தில் விருந்து வைக்க வேண்டும் என்று சொன்னாய். வை. நான் தடுக்க மாட்டேன், அது வெறும் கல்லும் சிமெண்டும்தான். ஆனால் அதை அம்மாவுக்காக அப்பா கட்டியது என்று இனி யாரிடமும் சொல்லாதே. நான் எனக்காகக் கட்டிக்கொண்டது அது.

அவள் போவதற்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். சாயங்காலம் கால் அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். "தம்பிகிட்ட நடந்ததச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். "வேணாங்க" என்றாள். "எனக்கப்புறம் உங்களுக்கு அவன் ஒருத்தன்தான். அவனும் பேசாமப் போயிட்டா தனியா என்ன பண்ணுவீங்க? என்னத் திட்டினா திட்டிட்டுப் போறான். நான் அவன் அம்மாதானே" என்றாள்.

இந்தத் தடவையும் அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. தெரிந்தேதான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருந்தால் அது நியாயம்தான். மணமேடையில் எனக்குப் பதிலாக உன் பெரியப்பாவை நிற்கவைத்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுவேன். ஆனால் தாலி கட்டப் போவதற்கு முன்னால் நீ உன் அம்மா படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிடுவாய். அப்போது உன் மனசில் அவள்மேல் ஒரு குறையும் இருக்கக் கூடாது.

அப்பா